சம்பந்தியும் நானும் ஒரு பைத்தியக் குருவியும்

கோவில்பட்டியிலிருந்து சிங்கப்பூருக்கு நான் போனது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சுற்றிப் பார்க்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் இத்தனை வருடம் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்து டர்பன்டைன் வாசம் பிடித்திருப்பேனா?

விஷயம் இதுதான். என் மகள் நித்யாவை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் அவள் வேலை, விடுப்பு, டாக்டர் என்று ஆயிரம் காரணம் சொல்லி அங்கேயே பெற்றுக்கொண்டாள். என் மனைவி மீனாட்சி லேகியமும் பூண்டுமாக முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டாள். பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரசவம்தான் கைவிட்டுப் போயிற்று, ஒரு மூன்று மாதமாவது தாயையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும்தான். பேரனைக் கடை மேசையில் உட்காரவைத்து, வருகிற கொத்தனார்களிடமெல்லாம் காட்ட வேண்டாமா?

"அத முறைப்படி நீங்க வந்து சம்பந்திகிட்ட கேளுங்க. நான் கேட்டா, ஏன் பொண்ணோட அப்பாவுக்கு வாய் இல்லையான்னு பேச்சு வரும்" என்று மீனாட்சி போனில் சொல்லிவிட்டாள்.

எனக்கு வாய் உண்டு. காண்ட்ராக்டர்களிடம் மல்லுக்கட்டி வளர்ந்த வாய். ஆனால் சம்பந்தி என்று வந்துவிட்டால் மட்டும் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பெண்ணைக் கொடுத்தவன் எது கேட்டாலும் குனிந்துதான் கேட்க வேண்டும் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பழக்கம்.

சாங்கி விமான நிலையத்துக்குச் சம்பந்தி இராஜமாணிக்கமே வந்திருந்தார். அவருடைய தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்ட குடும்பம். அதே விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் என் கையைப் பிடிப்பதற்கு முன் என் பெட்டியின் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தார்.

"டேமேஜ் ஒன்னும் இல்லையே சம்பந்தி? பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்றுதான் அங்கே சொல்கிறார்கள். நாம் டிபன் என்கிறோம். எது நல்ல தமிழ் என்று வெட்கப்பட்டுக்கொண்டே, விமானத்தில் கொடுத்த உப்புச்சப்பில்லாத ஆம்லெட்டை மறைத்து, "வயிறு நெறஞ்சிருச்சு சம்பந்தி" என்று பொய் சொன்னேன். "அப்ப சரி" என்று நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். மரியாதை பார்த்ததற்கு முதல் தண்டனை அது.

பொங்கோல் என்கிற பகுதியில் பன்னிரண்டாவது மாடியில் வீடு. மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் திரும்புவார். பேரனைப் பார்த்தேன். என் அப்பாவின் மூக்கு. "எங்க வீட்டு மூக்கு" என்றார் சம்பந்தியம்மா சரோஜா. "அதேதான்" என்றேன்.

அன்று முழுக்க ஹாலில் சம்பந்தியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் டிவி வைப்பார். நான் இருமுவேன். நீங்க பாருங்க என்று ரிமோட்டை என்னிடம் நீட்டுவார். இல்லை நீங்க பாருங்க என்று நான் திருப்பிக் கொடுப்பேன். இப்படியே பொழுது சாய்ந்தது. மாலையில் நித்யா என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமாவுக்குப் பறவைன்னா உயிரு. காலைல காலைல பார்க்குக்குப் போய்ப் பாக்கணும்னு ஆசை. துணைக்கு ஆளில்லாம மனசுக்குள்ளயே வச்சிருக்காரு. நீங்க கூடப் போனா அப்படியே குளுந்துருவாரு."

குளிர்ந்த மனிதரிடம் கேள்வி கேட்பது சுலபம் அல்லவா? சரியென்றேன். பறவைகளில் எனக்குத் தெரிந்தவை மூன்று. காக்கா, கோழி, அப்புறம் என் கடை போர்டை நாறடிக்கும் புறா.

மறுநாள் காலை சம்பந்தி கழுத்தில் புத்தம்புதிய பைனாகுலருடன் தயாராக இருந்தார். விலைச் சீட்டுகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உயிராக நேசிக்கிற சாமானை இப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கீழே எல்ஆர்டி என்று ஒரு குட்டி ரயில். ஓட்டுநர் கிடையாது. பேய் ஓட்டுகிற மாதிரி தானாக வந்து நின்றது.

"ஏறுங்க சம்பந்தி" என்றார் அவர்.

"நீங்க ஏறுங்க" என்றேன்.

"நீங்கதான் விருந்தாளி."

"நீங்கதான் பெரியவங்க."

கதவு மூடிக்கொண்டது. பேய்க்கு மரியாதை தெரியுமா என்ன? அவசரத்தில் அடுத்து வந்து நின்ற ரயிலில் இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தோம். அது எதிர்த்திசை ரயில். பொங்கோலின் அடுக்குமாடிகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. நான் பார்த்தவரைக்கும் ஒரு சுவரிலும் பெயிண்ட் உரியவில்லை. அடிக்கடி அடிக்கிறார்கள் என்று அர்த்தம், என்னைப் போன்ற வியாபாரிக்கு அது சந்தோஷமான காட்சி.

"பரவால்ல லா. இது வட்டம்தான், எந்தப் பக்கம் ஏறுனாலும் வந்து சேர்ந்துடும்" என்று சம்பந்தி சமாதானம் சொன்னார். பேச்சின் நுனியில் ஒரு 'லா' ஒட்டவைப்பது அந்த ஊர் வழக்கம்.

இதுதான் சமயம் என்று, "சம்பந்தி, ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ரயில் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டது. ஏதோ எச்சரிக்கை. கோவில்பட்டி ஸ்டேஷனில் கரகரவென்று விழும் அறிவிப்பைக் கேட்டே வளர்ந்த எனக்கு, சிங்கப்பூர் ரயில் தெளிவாகத் தமிழ் பேசியது ஆச்சரியமாகிவிட்டது. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நிலையம் வந்துவிட்டது.

அங்கிருந்து பஸ் ஏறி பாசிர் ரிஸ் பூங்கா. கடலை ஒட்டிய சதுப்பில் அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. சேற்றில் கால் படாமல் நடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு உடும்பு போயிற்று. நம் ஊர் உடும்பு இதற்கு முன்னால் ஓணான். பாதை ஓரத்தில் சிலர் பெரிய பெரிய கேமராக்களோடு மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். ஒரு சீன அம்மாவின் லென்ஸ் நான்கு இஞ்சு பிவிசி பைப் பருமன். அவர்கள் எதிர்பார்த்திருந்தது ஒரு மீன்கொத்தி. எனக்கு அது தெரியாது. நீலமாக ஏதோ வந்து உட்கார்ந்ததும், "அந்தா, அந்தா!" என்று கத்திவிட்டேன். பறந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லோரும் திரும்பி ஒரு தடவை பார்த்தார்கள். நம் ஊர்த் திட்டே தேவலை.

அவர்களிடமிருந்து தப்பித்து உள்ளே போன இடத்தில்தான் அந்தக் குருவி வந்தது. வந்தது என்றால் எங்களைத் தேடி வந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நெஞ்சில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. உடம்பு ஒரு பிடி. வால் அதைவிட நீளம். ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும், வாலை விசிறி மாதிரி விரிக்கும், மடக்கும், அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு ஒரு பூச்சியைப் பிடிக்கும். நாங்கள் நடந்தால் கூடவே வரும். நின்றால் 'ஏன் நின்றீர்கள்?' என்பது போல முன்னால் வந்து ஆடும். எங்கள் கால்பட்டுக் கிளம்புகிற பூச்சிதான் அதற்குப் பசியாறல் என்று பிறகுதான் புரிந்தது.

"இது என்ன பறவை சம்பந்தி?" என்று கேட்டேன்.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த குருவியைப் பைனாகுலர் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது வந்து... குருவி வகை லா."

எவ்வளவு அடக்கம்! தெரிந்த மனிதர்கள் இப்படித்தான், அலட்டிக்கொள்ள மாட்டார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல், "ஆமா, எங்க பக்கமும் இந்த வகை உண்டு. கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்" என்றேன்.

பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்து மலாயில் ஏதோ சொன்னார். சம்பந்தி மொழிபெயர்த்தார். "இதுக்கு மலாய்ல முராய் கீலான்னு பேராம். கீலான்னா பைத்தியம். மூக்கு முன்னால நிக்கிறத பைனாகுலர் வச்சுப் பாக்குறது அதைவிடப் பைத்தியம்னு சொல்றாரு." உடனே பதறிப்போய், "உங்கள இல்ல சம்பந்தி, என்னைத்தான் சொன்னாரு" என்றார்.

"சேச்சே, என்னையத்தான் சொல்லிருப்பாரு" என்றேன். பைத்தியப் பட்டத்தை யார் எடுத்துக்கொள்வது என்று கொஞ்ச நேரம் தகராறு.

சாயங்காலம் மீனாட்சி அடுப்படியில் மடக்கினாள். "கேட்டீகளா?"

"ஒரு குருவி குறுக்க வந்துருச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சீன அம்மா தோற்றாள்.

அதற்கடுத்த நாள் கேட்டே தீருவது என்று போனேன். பசியாறும்போதே கேட்டிருக்கலாம். ஆனால் கோப்பிக் கடையில், பிராட்டா என்கிற அந்த ஊர்ப் புரோட்டாவைச் சீனி தொட்டு ஒரு ஆள் தின்றுகொண்டிருந்தார். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைச் சால்னாவில் குளிப்பாட்டித் தின்கிற வட்டாரத்துக்காரன் நான். அந்த அநியாயத்தைப் பார்த்ததில் கேள்வி மறந்துவிட்டது.

பூங்காவில், பலகைப் பாதை முடிகிற இடத்தில், பூவரசு மாதிரி மஞ்சள் பூ பூக்கிற ஒரு மரம். அதன் கீழே நின்று தொண்டையைச் செருமினேன். "சம்பந்தி, மனசுல ஒன்னு..." என்றேன். டொக்கென்று என் வழுக்கையில் ஒரு அடி.

அந்தப் பைத்தியம்தான். சுற்றி வந்து மறுபடியும் இறங்கியது. நேற்று எங்கள் கூடவே வந்த குருவி இன்று கொலைவெறியில் இருந்தது. ஒரு பிடி உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை ஆங்காரமா! நான் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்வாங்கினேன். சம்பந்தி என் தோளைப் பிடித்து இழுத்து, மேலே கைகாட்டினார்.

தாழ்ந்த கிளையின் கவட்டில் ஒரு கூடு. டீக்கடைச் சின்னக் கிளாஸ் அளவுதான். காய்ந்த புல்லைச் சிலந்தி நூலால் இழைத்துச் சுற்றி, பிசிறு இல்லாமல் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சு. உடம்பே தெரியவில்லை, வாய்தான் தெரிந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றார் சம்பந்தி, ரகசியமாக. "கேமராக்காரவங்களுக்குத் தெரிஞ்சா கூட்டம் கூடிடும் லா. பயந்து விட்டுட்டுப் போயிடும்."

எதிர்ப்பக்க பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அப்பனும் ஆத்தாளும் மாற்றி மாற்றி வந்தன. ஒன்று பூச்சியோடு வரும், கொடுக்கும், போகும், மற்றது வரும். நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்கிற பேச்சே இல்லை. அவற்றுக்குச் சம்பந்தி கிடையாது, பிழைத்தன.

யாராவது ஓட்டப்பயிற்சிக்காரர் அந்த மரத்தடியில் மூச்சு வாங்க நின்றால் எனக்குத் திக்கென்றது. சம்பந்தி எழுந்துபோய் அவர்களிடம் ஏதோ வழி கேட்பார். பிறந்து வளர்ந்த ஊரில் வழி கேட்டுக் கேட்டு எல்லோரையும் அப்புறப்படுத்தினார். வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்வி ஞாபகம் வந்தது.

"இன்னைக்கும் குருவியா?" என்றாள் மீனாட்சி. மறுநாளுக்கு வேறு வேலை கொடுத்தாள். லேகியம் தீர்ந்துவிட்டது, தேக்காவில் போய்ச் சுக்கும் கண்டந்திப்பிலியும் வாங்க வேண்டும். பிள்ளைக்குப் பால் ஊற பால்சுறாவும் வேண்டும். "மத்தியானம் எங்கயாச்சும் சாப்புட ஒக்காருவீகள்ல? அங்க குருவி வராது. கேளுங்க."

தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியாவில் இறங்கியதும், இதற்கா விமானம் ஏறினேன் என்று தோன்றியது. மல்லிகைப்பூ, ஊதுபத்தி, நகைக்கடை, காய்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. அப்படியே நம் ஊர்க் கடைத்தெரு. ஒரே வித்தியாசம், சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்காக எல்லோரும் நிற்கிறார்கள். வண்டி ஒன்றுகூட வரவில்லை, ஆனாலும் நிற்கிறார்கள். என் கால் இரண்டு தடவை தானாக இறங்கிவிட்டது. இரண்டு தடவையும் சம்பந்தி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

தேக்கா சந்தையில் மீன்காரர் நம் நாகப்பட்டினத்துப் பூர்வீகம். பால்சுறா என்றதும், "யாரு வீட்ல பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினார். நானும் சம்பந்தியும் ஒரே குரலில், "பேரன்" என்றோம்.

வாழை இலைக் கடையில் உட்கார்ந்தோம். மீன்தலைக் கறி வந்தது. தலை என்றால் தலை, ஹெல்மெட் அளவு. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் சாட்சியாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"சம்பந்தி, ஒரு விஷயம்..."

"நானும் உங்ககிட்ட ஒன்னு பேசணும் சம்பந்தி."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்கதான ஆரம்பிச்சீங்க."

"நீங்க சொன்னப்புறம் நான் சொல்றேன்."

"அது முறையா லா? நீங்க முதல்ல."

ரசம் ஊற்ற வந்த தம்பி வாளியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணே, யாருக்காச்சும் ஊத்தட்டுமா?" என்றான். அதில் பேச்சு உடைந்தது. ரசத்தைக் குடித்தோம். மோரையும் குடித்தோம்.

"என்ன சொல்ல வந்தீங்க?" என்று கடைசியில் கேட்டேன்.

அவர் இலையை மடித்தார். "ஒன்னும் இல்ல. குஞ்சுங்க என்ன பண்ணுதோன்னு..."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றேன். சத்தியமாக அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் சொன்ன பிறகு அதுவும் உண்மை என்று பட்டது.

"ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமா?"

பால்சுறாப் பையோடு ரயில் ஏறினோம். அந்த ஊர் ரயிலில் குளிர்சாதனம் எல்லா வாசத்தையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடுகிறது. பக்கத்து இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு இளம்பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு தோழியிடம், "யாரோ மீன் சந்தையையே ரயில்ல ஏத்திட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்து, கவுரவமாகப் பையை எங்கள் இருவர் கால்களுக்கு நடுவே நகர்த்தினார். பாதிப் பழி எனக்கு.

குஞ்சுகள் நன்றாக இருந்தன. சுறாதான் கெட்டுப்போயிற்று. மீனாட்சி அன்று என்னிடம், கேட்டீகளா என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியும்போதே வானம் உடைந்துவிட்டது. "சுமத்ரா பக்கத்து மழை லா. ஒரே அடியா அடிச்சிட்டுப் போயிடும்" என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அந்தக் கூட்டுக்குக் கூரை கிடையாது.

"போலாமா?" என்றார்.

இருந்த இரண்டு குடைகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். என் குடை பஸ் நிறுத்தத்திலேயே மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. பூங்காவில் ஒரு ஈ காக்கை இல்லை. பலகைப் பாதையில் வழுக்கி வழுக்கி அந்த மரத்துக்கு எதிரே இருந்த கொட்டகையில் போய் ஒதுங்கினோம்.

குருவி கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இறக்கையை விரித்து, கூட்டின் விளிம்பு தெரியாதபடி பரப்பி மூடியிருந்தது. மழை அதன் முதுகில் கொட்டியது. கிளை ஆடியது. ஒரு நிமிடம் நிற்காத அந்தப் பைத்தியம் அசையவே இல்லை. பெயிண்ட் வியாபாரிக்கு இதெல்லாம் தேவையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திரும்பினால் சம்பந்தி பைனாகுலரைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பறவ மேல உங்களுக்கு எப்ப இருந்து சம்பந்தி இவ்வளவு ஆசை?" என்று கேட்டேன்.

"எனக்கா?" என்றார். "எனக்கு எங்க ஆசை? உங்களுக்காகத்தான் லா வர்றேன். எங்கப்பாவுக்குப் பேர்ட்ஸ்னா உயிரு, கூட்டிட்டுப் போங்க மாமான்னு மருமகதான் சொல்லுச்சு. இந்த பைனாகுலர் உங்களுக்காகப் புதுசா வாங்கினது."

"அடப்பாவி மகளே!" என்றேன். "உங்களுக்கு உயிருன்னு எங்கிட்ட சொன்னா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் அவர் சிரித்தார். பிறகு கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். ஒன்றா, இரண்டா! 'எங்க பக்கமும் உண்டு' என்று நான் விட்ட கதை, 'குருவி வகை' என்று அவர் விட்ட கதை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சிரிப்பில் நாக்கு அவிழ்ந்துவிட்டது. "சம்பந்தி, நித்யாவையும் பேரனையும் மூணு மாசம் ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். அனுப்பி வைங்க. இதக் கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அதுதானா? என் வீட்டம்மா தினமும் என்னைக் கேக்குது, 'அவங்க கூட்டிட்டுப் போகக் கேப்பாங்க, இப்ப அனுப்ப முடியாதுன்னு நாசூக்கா சொல்லிட்டீங்களா'ன்னு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானும் குருவி பாத்துட்டு இருக்கேன்." கொஞ்சம் யோசித்தார். "கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. தாய்வீடு இல்லையா."

அவர் அவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்ன பிறகு நான் மட்டும் இளைத்தவனா? "வேணாம் சம்பந்தி. சரோஜாம்மா மனசு நோகும். இங்கயே இருக்கட்டும்."

"அதெல்லாம் இல்ல, நீங்க கூட்டிட்டுத்தான் போகணும்."

"முடியவே முடியாது. பிள்ள இங்கதான் இருக்கணும்."

மழை நின்றது. குருவி உடம்பை உலுக்கிக்கொண்டு எழுந்தது. கீழே இரண்டு வாயும் திறந்தன. நாங்கள் கைதட்டாத குறை. பஸ்ஸிலும் வாக்குவாதம், எல்ஆர்டியிலும் வாக்குவாதம். அவர் என் கட்சி பேசினார், நான் அவர் கட்சி பேசினேன். இருவர் குரலும் ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டுக்கதவைத் திறக்கும்போது உச்சத்தில் இருந்தது.

"சரோஜா, மருமகளையும் பிள்ளையையும் அனுப்பி வைக்கிறோம்!" என்றார் அவர்.

"மீனாட்சி, அதுக இங்கயேதான் இருக்கும்!" என்றேன் நான்.

"மழைல மூளை ஊறிப்போச்சா உங்களுக்கு?" என்றார் சரோஜாம்மா அவரிடம்.

"நான் என்ன கேக்கச் சொன்னேன், நீங்க என்னத்தக் கொடுத்துட்டு வந்திருக்கீக?" என்றாள் மீனாட்சி என்னிடம்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அறைக்கதவு திறந்தது. தோளில் பிள்ளையோடு நித்யா நின்றாள். தலை கலைந்து, கண்கள் வீங்கியிருந்தன. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

"பொய்தான் சொன்னேன்" என்றாள். "ரெண்டு பேருகிட்டயும். ஒருத்தர் டிவி வைக்கிறீங்க, ஒருத்தர் இருமுறீங்க. பிள்ள சிணுங்கினா நாலு பேரும் வந்து கதவத் தட்டுறீங்க. நீங்க ரெண்டு பேரும் வெளிய போனாத்தான் அத்தையும் அம்மாவும் அடுப்படில இருப்பாங்க, எனக்குக் கொஞ்சம் கண்ணசர முடியும். இன்னிக்கு மழையில போனீங்களேன்னு சந்தோஷப்பட்டேன். இப்பத்தான் தூங்கினேன்."

சம்பந்தி கையிலிருந்த குடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கூட்டிட்டுப் போறேன்றீங்க, அனுப்ப மாட்டேன்றீங்க, அப்புறம் நீ வச்சுக்கோ நீ வச்சுக்கோன்றீங்க. நான் என்ன பார்சலா மாமா? எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களாப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கேள்வி கேட்பதற்கென்றே விமானம் ஏறி வந்தவன் நான். சம்பந்தியிடம் எப்படி ஆரம்பிப்பது, எப்படி இழுப்பது, எந்த இடத்தில் குனிவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"சொல்லும்மா" என்றேன். "ஒனக்கு என்ன வேணும்?"

கேட்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கண் நிறைந்துவிட்டது.

"தூங்கணும்ப்பா."

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஊருக்கு வருவேன். இப்ப இல்ல. எனக்கு எப்பத் தோணுதோ அப்ப நானே இவனைத் தூக்கிட்டு வருவேன். அதுக்காக யாரும் யார்கிட்டயும் போய்க் கேக்க வேணாம்" என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "பால் எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன். பசிச்சா அம்மாவும் அத்தையும் சூடு பண்ணிக் குடுப்பாங்க. என்னை எழுப்பாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

மீனாட்சி அடுப்பை அணைத்தாள். விசில் வரும் என்று குக்கரை இறக்கி வைத்தார் சரோஜாம்மா. சம்பந்தி டிவியின் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, வாசல் மணியைப் பஞ்சு வைத்து அடைக்க முடியுமா என்று சைகையில் என்னைக் கேட்டார். பேரன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அப்போது பார்த்து, மழையில் நனைந்த புண்ணியத்தில், எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. பேரனைச் சம்பந்தியின் கையில் கொடுத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் கதவைத் திறந்து, லிஃப்டில் பன்னிரண்டு மாடியும் இறங்கிப்போய், கீழ்த்தளத்துத் தூண் ஓரத்தில் நின்று ஆசைதீர இருமிவிட்டு மேலே வந்தேன்.